வியாழக்கிழமை ஊசி

ஆம்பூரில் அப்போதெல்லாம் ஒருவன் மானத்தை வாங்க வேண்டுமென்றால் கெட்ட வார்த்தை எதுவும் பேச வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் நிற்கும்போது, "இன்னாப்பா, வியாழக்கிழமை ரயிலுக்குக் கிளம்பிட்டியா?" என்று கேட்டால் போதும். கேட்டவன் பல் தப்பாது.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் கெட்ட நோய்க்காரர்களுக்கு ஊசி போட்டார்கள். பெண் சகவாசத்தால் வருகிற நோய். ஊசிக்குப் பேர் அறுநூத்தி ஆறு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அந்த எண் தெரியும். தாழ்வாரத்தில் வரிசை நிற்கும். நிற்கிறவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அப்படி நிற்பதாலேயே அது எந்த வரிசை என்று போகிற வருகிறவனுக்கெல்லாம் தெரிந்துபோகும்.

என் பெரியப்பா மகன் ரத்தினசாமி அந்த வரிசையில் நின்றார். முகத்தை மூடாமல் நின்றார். அவருக்கு அந்த நோய் கிடையாது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எனக்கு வருகிற மாதிரிதான் எழுதுவேன்.

அண்ணன் தோல் ஷாப்பில் சுமைக்காரர். ஷாப் என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வண்டியில் வந்து இறங்குகிற உப்புத் தோலைப் பிடரியில் போட்டுச் சுண்ணாம்புக் குழிவரை சுமக்க வேண்டும். ஈரத் தோல் என்ன கனம் கனக்கும் என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குவதை அவர் ஒருத்தராகத் தூக்குவார். பிடரியில் எருதுக்கு நுகத்தடி பட்ட இடம் மாதிரி காய்த்துப் போயிருக்கும். அவர் மகள் தேவகி சின்னதாக இருக்கும்போது அந்தக் காய்ப்பில் கன்னத்தை வைத்துத்தான் தூங்கும்.

அவரிடம் ஒரு பழக்கம். வேலை விட்டதும் நேராக வீட்டுக்குப் போக மாட்டார். பாலாற்றில் இறங்கி, மணலில் ஊற்றுத் தோண்டி, சீயக்காயும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். அண்ணி அமிர்தவள்ளி திமிரிப் பக்கம், மாடு கன்று வைத்திருந்த பயிர்க்காரர் வீடு. கல்யாணமான புதிதில் தோல் வாடைக்குச் சோறு இறங்காமல் அந்த அம்மா எழுந்து போய்விட்டதாம். அன்றைக்குப் பிடித்த பழக்கம். மழை, வெயில், காய்ச்சல், எதற்கும் விட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"ரத்னம், பொண்டாட்டிக்குப் பயந்து தோலையே உரிச்சுடப் போறே!"

"உரிச்சா நீயே தூக்கிக்கினு போய்க் குழியில போடு. நல்ல தோலு, நம்பி வாங்கலாம்" என்பார்.

அண்ணியின் தம்பி காசி. அப்பன் செத்து, நிலம் கைமாறி, திமிரி வீடு அடுப்பு மூட்ட வழியில்லாமல் நின்றபோது, அண்ணன்தான் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று காசிக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். வாயுள்ள பிள்ளை. கொஞ்ச காலத்தில் கிராமம் கிராமமாகப் போய்த் தோல் வாங்கி வருகிற ஆளாகிவிட்டான். கலவை, ஆலங்காயம் எல்லாம் அவன் கை. திமிரியில் இருந்த தாயும் தங்கச்சிகளும் அவன் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டார்கள். ஆம்பூரில் இருக்கிற நாளெல்லாம் சாப்பாடு அண்ணன் வீட்டில். மாமா மாமா என்று வாய் ஓயாது.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆலங்காயத்துப் பக்கம் மாடுகள் அடைப்பான் வந்து சாய்ந்தன. அடைப்பான் என்றால் மாடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். காலையில் புல் மேய்ந்த மாடு மத்தியானம் மூக்கில் கறுப்பு ரத்தம் விட்டுக் கிடக்கும். அந்த மாட்டை உரிக்கக் கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும். பஞ்ச காலத்தில் யார் புதைத்தார்கள்? உரித்தார்கள், விற்றார்கள். காசி வாங்கினான். வெட்டு மாட்டுத் தோலோடு கலந்து அடுக்கிக் கொண்டு வந்து இறக்கினான்.

இறக்கும்போதே அண்ணன் பார்த்துவிட்டார். நான் ஷாப்பில் வண்டிக்காரன், அன்றைக்கு வண்டி ஓட்டிவந்து பக்கத்தில்தான் நின்றேன்.

"மச்சான், இன்னாது இது? ரத்தம் கருகி நிக்குது. வெட்டு மாடு இல்லியே."

"செத்த மாடுதான் மாமா. இன்னா இப்போ? சுண்ணாம்புல எறங்கிட்டா வெட்டு மாடு இன்னா, செத்த மாடு இன்னா?"

"எதுல செத்துது?"

"நானா பக்கத்துல குந்தி நாடி புடிச்சுப் பார்த்தேன்? மழையில்ல, புல்லு இல்ல, செத்துது. முதலாளி காதுல போடாத மாமா, உனுக்குப் புண்ணியமாப் போவுது."

அண்ணன் போடவில்லை. நம்ம வீட்டு ஆள் என்று விட்டுவிட்டார். பேசாமல் பிடரியில் போட்டுச் சுமந்தார்.

பிடரியில் முதலில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு நடுவில் கரி வைத்தது போல் கறுத்துவிட்டது. சுற்றிலும் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். கழுத்து வீங்கித் தாடையோடு சேர்ந்துகொண்டது. அண்ணி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட வந்தது. நான் தின்பண்டம் ஏதோ கொடுக்க வந்தவன் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அழுத்தறேன். வலிக்குதா?"

"இல்லியே."

"இப்போ?"

"இன்னா வள்ளி, வலிக்கணும்னு வேண்டுதலா? ஒண்ணும் வலிக்கல."

அண்ணியின் கை அந்தக் கறுப்பு மேல் அப்படியே நின்றுபோனது. அரைத்ததைப் பூசிவிட்டு எழுந்து போய்க் கையைச் சாம்பல் போட்டுக் கழுவியது, மறுபடியும் கழுவியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காய்ச்சல் ஏறி உளறத் தொடங்கியதும் நானும் காசியும் அண்ணனை ரயிலேற்றிக் காட்பாடியில் இறக்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் ராமமூர்த்தி என்பவர் பார்த்தார். இளம் வயசு. கொப்புளத்து நீரைக் கண்ணாடியில் எடுத்து, கருவியில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் சரியில்லை.

"தோல் ஷாப்பில என்ன வேலை?"

"தூக்கறதுங்க" என்றார் அண்ணன்.

"பிடரியில வெச்சா?"

"பின்ன தலையில வெச்சா நாத்தம் பொண்டாட்டி வரைக்கும் போய்டும் சாமி." அந்த வீங்கின தாடையோடும் பேச்சு குறையவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது அடைப்பான். மாட்டுக்கு வருதே, அதேதான். அந்த மாட்டுத் தோலைத் தொட்டா மனுஷனுக்கும் ஒட்டும். இதுக்குன்னே ஒரு மருந்து சீமையில இருக்கு. இங்க வந்து சேர்றதுக்குள்ள உன் மூச்சு அடைச்சிடும். என் கையில இருக்கறது ஒரே ஒரு ஊசி. அது வேற நோய்க்குன்னு கண்டுபிடிச்சது. அடைப்பானுக்கும் கேக்குதுன்னு வெளிதேசத்து டாக்டர்கள் சில பேர் சொல்றாங்க. நான் இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்லை."

"எந்த ஊசிங்க அது?" காசிதான் கேட்டான்.

"நீங்கள்லாம் அறுநூத்தி ஆறுன்னு சொல்றீங்களே, அது."

காசி தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுல இன்னா சாமி இருக்கு?" என்றார் அண்ணன்.

"பாஷாணம்."

அண்ணன் சிரித்தார். "பூச்சி அரிக்காம இருக்கத் தோலுக்கு நாங்க தடவறதாச்சே சாமி! அப்போ என்னியும் தோலுக் கணக்குல சேர்த்துட்டியா?"

"விளையாட்டு இல்லைப்பா. அதே பாஷாணத்தைப் பக்குவம் பண்ணினதுதான். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆளையே முடிச்சிடும். நரம்புக்கு வெளியில சிந்தினா கை வெந்துபோகும். போட்டா நீ பிழைப்பேன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. போடலைன்னா பிழைக்க மாட்டே. அதை உறுதியாச் சொல்வேன்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் நிக்கணும் சாமி. போடு" என்றார்.

போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வாயெல்லாம் பூண்டு நாற்றம் என்று சொல்லிச் சொல்லி வாந்தியெடுத்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். விடிந்து பார்த்தால் வீக்கம் வடிந்து, கழுத்து எது தாடை எது என்று தெரிந்தது. தண்ணீர் கேட்டார். டாக்டரே வந்து முழங்காலிட்டுப் பார்த்தார். எங்களைவிட அவருக்குத்தான் அதிசயம்.

இன்னும் சில ஊசி போட வேண்டும், அந்த மருந்தை மொத்தமாகக் கரைக்கிறது வியாழக்கிழமைதான், அன்றைக்கு வந்து வரிசையில் நில் என்றார். அப்புறம் காசியை அழைத்தார்.

"அந்தத் தோல் அத்தனையும் எரிச்சிடணும். ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. நான் சொன்னேன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லு."

"சொல்றேங்க" என்றான் காசி. இந்தக் காதால் கேட்டேன்.

அவன் சொல்லவில்லை. அந்தத் தோலை எரிக்கவும் இல்லை.

அண்ணன் வியாழக்கிழமை வியாழக்கிழமையாகப் போய் வந்தார். ஆம்பூர் ஆட்கள் இரண்டு பேர் வேலூருக்கு வேறு வேலையாகப் போனவர்கள் அவரை அந்தத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டார்கள். போதாதா? ஷாப்பில் தண்ணீர்ப் பானைப் பக்கம் அவர் போனால் சொம்பை எடுத்து ஒளித்தார்கள்.

"இன்னா ரத்னம், அப்படி எங்கப்பா போய் மாட்டிக்கினே?"

"அடைப்பான்டா. டாக்டர் கண்ணாடி வெச்சுப் பார்த்துச் சொன்னாரு."

"அடைப்பான் மாட்டுக்கு வரும். நீ எப்போ மாடானே? ஏம்பா, மாட்டுக்கும் இப்போ அறுநூத்தி ஆறு போடறாங்களாம், ஓட்டிக்கினு போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் முதலில் சேர்ந்து சிரித்தார். "காசி கூட இருந்தான். அவனைக் கேளுங்க" என்றார். அப்போது காசி ஊரில் இல்லை, தோல் வாங்கப் போயிருந்தான். நான் சொன்னேன், ஒருத்தன் காதில் வாங்கவில்லை. அண்ணனுக்குத் தம்பி வேறெப்படிச் சொல்வான் என்றார்கள்.

பேச்சு முற்றி, தெருவில் தண்ணீர் எடுக்கிற இடத்தில் அண்ணியின் குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் மேல்தான் தெருப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். காசி ஊர் திரும்பியதும் அவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அண்ணன் முகத்தில் கவலையே இல்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஷாப் மேஸ்திரியும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"காசி, நீ பொண்ணு கொடுத்த வீட்டு ஆளு. நீ பொய் சொல்ல மாட்டே. இவருக்கு இன்னா நோய்னு டாக்டர் சொன்னாரு?"

காசி மேஸ்திரியை ஒரு தடவை பார்த்தான்.

"டாக்டர் பெரிய படிப்புக்காரரு. பாதி இங்கிலீஷ்ல பேசினாரு. எனுக்கு இன்னா புரியும்?"

"சரி, ஊசி?"

"ஊசி… அந்த ஊசிதான்."

"எந்த ஊசி? வாயத் தொறந்து சொல்லு."

"அறுநூத்தி ஆறு."

"அடைப்பான்னு சொன்னாரா, சொல்லலியா?"

"என் காதுல விழலீங்க."

அண்ணன் காசியையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் தவறிப்போனால் தேடுவோமே, அப்படிப் பார்த்தார்.

"மச்சான்" என்றார். "மச்சான், நீதானேடா 'சொல்றேங்க'ன்னு சொன்னே?"

காசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே அண்ணியும் தேவகியும் மூட்டை கட்டி அவனோடு திமிரிக்குக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் வாசலில் நின்று, "வள்ளி, திட்டிட்டாவது போ" என்றார். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. தேவகிதான் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நான் ரயிலடிவரை பின்னாலேயே போய்க் காசியின் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா, அவரு போட்ட சோத்தைத் தின்னுட்டு இப்படிச் சொல்ல உனுக்கு நாக்கு எப்படிடா வந்துது?"

"வுடுப்பா. தோலை எரிச்சா நான் ஒழிஞ்சேன். செத்த மாட்டுத் தோலைக் கலந்தேன்னு போலீசு வரைக்கும் போவும். எங்க அம்மா, தங்கச்சிங்க, அல்லாம் தெருவுல நிக்கணும். மாமாவுக்கு இன்னா போச்சு? உசுரோடதானே கீறாரு? கொஞ்ச நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க. மாமா பொறுத்துப்பாரு."

அறைந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

டாக்டரை நேரில் அழைத்து வந்து ஊர் நடுவில் சொல்ல வைப்போம் என்று அண்ணனிடம் சொன்னேன். வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

"டாக்டர் வந்தா தோலு விஷயமும் கூடவே வரும்டா. காசி உள்ள போவான். அவ தம்பிடா அவன். நாளைக்கு வள்ளி திரும்பி வந்து, 'என் தம்பிய நீதானே புடிச்சுக் கொடுத்தே'ன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? அவளுக்கு விஷயம் தெரியாது, போய்ட்டா. தெரிஞ்சா வந்துடுவா. வேற வழியாத் தெரியட்டும்."

அந்த வேற வழி ஆபித் பாஷாவாக வந்தது. ஆபித் அதே ஷாப்பில் தோலில் ஒட்டிய மாமிசத்தைக் கத்தியால் சீவுகிறவர். அந்த ஆலங்காயத்துத் தோலைச் சீவினவர். முன்கையில் கறுத்த புண் வந்தது. வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அண்ணன் கேள்விப்பட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"பாய், கையைக் காட்டு. வலிக்குதா?"

"இல்ல."

"எழுந்திரு, வேலூருக்குப் போலாம்."

"அந்த லைன்லயா? நான் மவுத்தாப் போறேன் ரத்னம், அது மேலு. எங்க தங்கச்சி வஹீதாவுக்கு நிக்கா பேசிக்கினு கீறாங்க. அண்ணன்காரன் வியாழக்கிழமை ஆளுன்னா யாரு கட்டுவான்?"

"நீ செத்தா யாரு கட்டி வைப்பான்? லைன்ல நீ துண்டைப் போட்டு மூஞ்சிய மூடிக்கோ. நான் மூடாம முன்னாடி நிக்கறேன். பார்க்கறவன் என்னைத்தான் பார்ப்பான். என் மானம் ஏற்கெனவே போன மானந்தானே, இன்னொரு தபா போவட்டும்."

அப்படித்தான் செய்தார். தனக்கு ஊசி முடிந்துபோன பிறகும், ஒரு நோயும் இல்லாமல், ஆபித்தை மறைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றார். ஆம்பூர்க்காரர்கள் பார்த்தார்கள். இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் ஆபித் கையைப் பார்த்ததுமே கத்தினார். "எரிக்கச் சொன்னேனே! உங்க ஆள் சொன்னானா, இல்லையா?"

"சொல்ல மறந்துட்டான் சாமி" என்றார் அண்ணன். அங்கேயும் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்குள் அந்தத் தோலெல்லாம் சுண்ணாம்பு கண்டு, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, மூட்டையேறிப் போய்விட்டது.

ஆபித் பிழைத்துக்கொண்டார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ கொடுத்த உசுரு இது, தோஸ்த். நானே திமிரிக்குப் போய் உன் சம்சாரத்துகிட்ட சொல்றேன். அதே தோலு, அதே புண்ணு, அதே ஊசின்னு கையைக் காட்டறேன்."

ஊருக்கு வந்ததும், "வஹீதா நிக்கா மட்டும் முடியட்டும்" என்றார். ஆபித் வீட்டார் அவர் மெட்ராஸ் போய் வந்ததாக ஊரில் சொல்லிவிட்டார்கள். நிக்கா தள்ளிப் போனது. தெருவில் அண்ணன் எதிரில் வந்தால் ஆபித் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ஆபித் பிழைத்தது இந்த ஊசியால்தான் என்று நான் நாலு பேரிடம் சொல்லக் கிளம்பினேன். அண்ணன் என் வாயை அடக்கினார். "அவன் சொல்லுவான்டா. பொண்ணு விஷயம் இல்லியா, எனுக்கும்தான் பொண்ணு கீது" என்றார்.

அத்தனை காலமும் அவர் ஆற்றில் குளிப்பதை விடவில்லை. வீட்டில் யாரும் இல்லை, அவரே பொங்கி அவரே தின்கிறார். ஆனாலும் வேலை விட்டதும் ஊற்று, சீயக்காய், எலுமிச்சம்பழத் தோல். "யாருக்குண்ணே இந்தக் குளியல்?" என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். "திடீர்னு வள்ளி வந்து நின்னுட்டான்னா?" என்றார்.

வஹீதாவின் நிக்கா ஒரு வழியாக முடிந்தது. அது முடிந்து கொஞ்ச நாளில் தேவகிக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. அண்ணனுக்கு அழைப்பு இல்லை. மணையில் அப்பன் ஸ்தானத்தில் காசி உட்காரப் போகிறான் என்றார்கள்.

அன்றைக்கு ஆபித் பாஷாவே என் வீடு தேடி வந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"வா, திமிரிக்குப் போலாம். லேட்டாத்தான் வர்றேன். திட்டறதா இருந்தா வழியில திட்டு."

அண்ணன் வரவில்லை. "நான் வந்தா காசியோட சண்டையாப் போய்டும். கல்யாண வீடு. நீங்க சொல்லுங்க. அவ 'வரச் சொல்லு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நடந்தே வந்துடுவேன்" என்றார். வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்.

திமிரியில் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. காசி துணி எடுக்க ஆற்காட்டுக்குப் போயிருந்தான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அண்ணி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தது. ஆபித் மோரைத் தொடாமல் சட்டைக் கையைச் சுருட்டினார். முன்கையில் தழும்பு பள்ளமாக, பளபளவென்று இருந்தது.

"அம்மா, உங்க வூட்டுக்காரருக்கு இருந்ததுதான் எனுக்கும் இருந்துது. அதே தோலு. நான் அந்த மாதிரி ஆளு இல்ல, அவரும் இல்ல. அல்லா மேல ஆணை. அந்த ஊசி வேற நோய்க்கு வந்துது, எங்களை இதுலேர்ந்து காப்பாத்துச்சு, அவ்ளோதான். முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்."

அண்ணி அந்தத் தழும்பைப் பார்த்தது. ஆச்சரியம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"தெரியும் பாய்" என்றது.

எனக்குப் புரியவில்லை. "இன்னா அண்ணி தெரியும்?"

"நான் சின்னப் பொண்ணா இருக்கறப்போ எங்க தொழுவத்துல மாடெல்லாம் அடைப்பான்ல செத்துது, தம்பி. உரிச்ச ஆளுக்குக் கையில அப்படியே வந்துது. கரி மாதிரி. அழுத்தினா வலிக்காது. உங்க அண்ணன் கழுத்துல கையை வெச்சப்பவே எனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"நான் அங்கேயே குடித்தனம் பண்ணியிருந்தா ஊரு இன்னா சொல்லும்? பொண்டாட்டியே கூட இருக்கா, அப்போ அந்த நோய் இல்லன்னு சொல்லும். அப்புறம் வேற இன்னா நோய்னு கேக்கும். தோலு எங்கேர்ந்து வந்துதுன்னு கேக்கும். என் தம்பி மாட்டிக்குவான். அம்மா, ரெண்டு தங்கச்சிங்க, அத்தனை வாயும் அவன் கையைத்தான் பார்த்துக்கினு இருந்துது. உங்க அண்ணன் ஒண்டி ஆளு. தாங்குவாருன்னு நானும் காசியும் பேசித்தான்…"

"சரி, போனது போச்சு. பொண்ணு கல்யாணத்துக்காவது கூப்பிடுங்க அண்ணி. அந்த ஊசியை அதுக்காகத்தான் போட்டுக்கினாரு."

"மாப்பிள்ளை வீட்டுக்குக் காது இருக்குது தம்பி. அவரு வந்து நின்னா இத்தினி நாளு எங்க இருந்தாருன்னு கேப்பாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

நான் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். உள்ளே தேவகியின் வளையல் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

ஆம்பூர் ரயிலடியில் அண்ணன் நின்றிருந்தார். குளித்து, அந்த வெள்ளை வேட்டியைக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி. ஒரு சின்னத் துணி மூட்டையும் கையில் இருந்தது. கூப்பிட்டால் அப்படியே ஏறிவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"இன்னாடா, சொன்னீங்களா? நம்பினாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆபித் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அண்ணன் தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ நம்பாம போய்ட்டான்னு நெனச்சுத்தான்டா இத்தினி நாளு இருந்தேன்" என்றார். "நம்பிக்கினேவா போனா?"

மூட்டையைக் கீழே வைத்தார். அதை எடுக்காமலே நடக்கத் தொடங்கினார். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தேவகி கல்யாணம் நடந்தது. காசி மணையில் உட்கார்ந்தான். அன்றைக்கு அண்ணன் ஷாப்பில் தோல் சுமந்தார். அதற்குப் பிறகு அடைப்பான் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. எவனாவது வம்புக்கு இழுத்து, "இன்னா ரத்னம், உனுக்கு வந்தது மாட்டு நோயா, மனுஷ நோயா?" என்று கேட்டால், "மனுஷ நோய்தான்பா" என்று சொல்லிவிட்டுத் தோலை எடுத்துப் பிடரியில் போட்டுக்கொள்வார்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். பாலாற்றுக்கு இறங்குகிற தடத்தில் நான் பழக்கத்தில் நின்றேன். அவர் நிற்கவில்லை. உப்பும் சுண்ணாம்பும் மாட்டு வாடையுமாக, கழுத்தில் ஈரம்கூடக் காயாமல், நேராக வீட்டுக்கு நடந்தார்.